மேசைமேல் எழுந்த போர்க்களம்

போரைப் பாடாத இலக்கியம் உலகில் அரிது. போரை விளையாடிப் பாராத சிறுவரும் அரியர். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் கட்டங்களில் நிறுத்தி, ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் வெற்றி தோல்வி காணும் ஆட்டத்தை உலகுக்கு வழங்கியது நம் நாடு. 'சதுரங்கம்' என்னும் பெயரே நான்கு உறுப்புகளை உடைய படை என்று பொருள்படும். அவ்வாட்டம் பாரசீகம் சென்று, அரபு நாடுகளைக் கடந்து, ஐரோப்பாவை அடைந்த கதையை நாம் அறிவோம். அங்கு அதன் வழியில் பிறந்த புதிய ஆட்டங்களை நம்மில் பலர் அறியோம். அவற்றில் கட்டங்கள் மலையும் ஆறும் வயலும் ஆயின. காய்கள் வண்ணச் சீருடை பூண்ட சின்னஞ்சிறு வீரர்கள் ஆயின.

விரலளவுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் நிலம் சமைத்து, பழம்போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் கலை இன்று பல நாடுகளில் வழங்குகிறது. அதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், பொம்மைகளை எங்கே நிறுத்துவது என்னும் வினாவில் சிக்கி ஒரு மனிதர் தம் பொருளையும் அமைதியையும் இழந்த வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கட்டம் நிலமான வரலாறு

ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரைச் சார்ந்த கணிதப் பேராசிரியர் ஹெல்விக் என்பவர், 1780ஆம் ஆண்டில் சதுரங்கத்தை விரித்துப் போராட்டம் ஒன்றை வகுத்தார். அறுபத்து நான்கு கட்டங்கள் 1,617 கட்டங்களாகப் பெருகின. நீருக்கு நீலம், மலைக்குச் சிவப்பு, சேற்று நிலத்துக்குப் பச்சை என்று கட்டங்கள் வண்ணம் பெற்றன. வெள்ளையும் கறுப்பும் மட்டுமே அறிந்திருந்த பலகைமேல் நிலத்தின் இயல்பு முதன்முதலாகப் பேசத் தொடங்கியது எனலாம். குதிரை எவ்வளவு விரைவுடையதாயினும் சேற்றில் ஓடாது என்னும் உண்மை ஆட்டத்துக்குள் புகுந்தது.

அடுத்த படியில் கட்டங்களே மறையலாயின. பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பார் 1812இல் தம் மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு ஒரு மேசையைப் படைத்தார். மேடும் பள்ளமும் சாலையும் காடும் புடைப்பாகச் செய்து வண்ணமிட்ட சாந்துப் பலகைகளை அம்மேசைமேல் விரும்பியவாறு அடுக்கிப் புதுப்புது நிலங்களை உண்டாக்கலாம். பீங்கானால் ஆன காய்கள் படைகளாயின. இம்மேசை இன்றும் பெர்லினில் சார்லட்டன்பர்க் அரண்மனையில் உள்ளது. அவர் மகனாகிய இளைய ரைஸ்விட்ஸ், பீரங்கிப்படை அதிகாரி. அவர் 1824இல் இதனைச் செம்மைப்படுத்தி, நிலப்படமும் பகடையும் நடுவரும் கொண்ட பயிற்சி முறையாக்கினார். அந்நாளில் பிரஷ்யப் படைத்தலைமையகத்தின் தலைவராயிருந்த முஃப்லிங் அதனைக் கண்டு வியந்து, படை முழுவதும் பயிலுமாறு பரிந்துரைத்தார். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூக் களத்தில் பிரஷ்யரின் தொடர்பாளராக வெல்லிங்டன் கோமகனுடன் இருந்தவர் இந்த முஃப்லிங்கே. இவ்வளவு சிறப்புற்ற ஆட்டத்தை வகுத்த இளைய ரைஸ்விட்ஸோ 1827இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஈயமும் தூரிகையும்

மேசையும் நிலமும் ஒருபுறம் இவ்வாறு வளர, பொம்மைகள் மற்றொரு புறம் வளர்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூரம்பர்க் நகரத்து ஹில்பர்ட் குடும்பத்தார் வெள்ளீயம் வார்த்துத் தட்டையான வீரர் உருவங்களைச் செய்து புகழ்பெற்றனர். கல்லில் செதுக்கிய அச்சில் உருக்கிய உலோகத்தை ஊற்றி எடுத்த அவ்வுருவங்கள் நாணயம் போல் மெல்லியவை. அவற்றுக்குத் திரட்சியைத் தருவது தூரிகையே. மடிப்பின் உட்குழிவில் கருமையும் விளிம்பில் வெளிச்சமும் தீட்டப்பட்டபோது தட்டை உருவம் முழுவுருவாகத் தோன்றியது.

முழுத்திரட்சியாக வார்த்த பொம்மைகளுக்கும் இந்நுட்பம் பொருந்தும். ஓர் அங்குல உயரமே உள்ள உருவத்தின்மேல் அறை விளக்கு வீழ்த்தும் நிழல், மனித உடல்மேல் ஞாயிறு வீழ்த்தும் நிழலைப் போல் ஆழ்ந்து தோன்றுவதில்லை. ஆதலின் நிழலையும் ஓவியரே தீட்டவேண்டும். பெரிய துணியில் செந்நிறமாகத் தோன்றும் சாயம் சிறு பொம்மையில் கருஞ்சிவப்பாக இருண்டு தோன்றும். ஆதலின் வண்ணத்தை ஒரு படி வெளுப்பாக்க வேண்டும். உள்ளதை உள்ளவாறே தீட்டினால் உள்ளதுபோல் தோன்றாது. சிற்றுருவக் கலையில் மெய்ம்மை என்பது இத்தகைய நுட்பம் வாய்ந்தது. இந்நுட்பத்தை வண்ணத்தில் மட்டுமன்றி வரலாற்றிலும் எதிர்கொண்டவர் வில்லியம் சைபோர்ன்.

நிலத்தை அளந்தவர்

1797இல் பிறந்த சைபோர்ன் ஆங்கிலப் படை அதிகாரி. ஆனால் வாட்டர்லூவில் போரிட்டவர் அல்லர். நில அளவையிலும் நிலப்படம் வரைவதிலும் வல்லவர். அவ்விரண்டைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். 1830இல் தலைமைப் படைத்தலைவர் ஹில் பிரபு, வாட்டர்லூப் போரைப் பெரியதொரு மாதிரியாக அமைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். அவர் உடனே களத்துக்குச் சென்று, போரின் நடுவே நின்ற லா ஹே சாந்த் என்னும் பண்ணை வீட்டில் எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார்.

அளப்பதிலும் ஓர் இடையூறு இருந்தது. போர் நடந்த பதினொரு ஆண்டுகளுக்குள், நெதர்லாந்து அரசு அங்கே சிங்கச் சிலை தாங்கிய நினைவு மேடு ஒன்றை எழுப்பியிருந்தது. நாற்பது மீட்டர் உயரமுள்ள அம்மேட்டுக்கு வேண்டிய மண், வெல்லிங்டனின் படை நின்ற மேட்டு நிலத்திலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. போரை நினைவூட்ட எழுந்த சின்னமே போரின் நிலத்தைத் தின்றுவிட்டது! மறைந்த நிலத்தை மனிதரின் நினைவிலிருந்துதான் மீட்கவேண்டும் என்பதைச் சைபோர்ன் உணர்ந்தார்.

ஆகவே, உயிருடன் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் அவர் கடிதங்கள் அனுப்பினார். மாலை ஏழு மணியளவில், நெப்போலியனின் மெய்க்காப்புப் படை இறுதித் தாக்குதலுக்கு முன்னேறிய வேளையில், உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது, எவ்வாறு அணிவகுத்திருந்தது, எதிரே யார் இருந்தனர் என்று வினவினார். வயலில் என்ன பயிர் நின்றது என்றும் கேட்டார்! நூற்றுக்கணக்கில் விடைகள் வந்தன. போரில் கலந்துகொண்ட அதிகாரிகளிடம் இவ்வாறு முறையாக வினவிச் சான்று திரட்டிய முயற்சி அதற்கு முன் அரிது. அக்கடிதத் தொகுதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

1833இல் அரசு பொருளுதவியை நிறுத்தியது. சைபோர்ன் நிறுத்தவில்லை. கடன் வாங்கிப் பணியைத் தொடர்ந்தார். ஒரு மைல் நிலத்துக்கு ஒன்பது அடி என்னும் அளவில் களம் உருப்பெற்றது. விரல் நகத்தின் அளவே உள்ள வண்ண வீரர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் அணிவகுத்தனர்.

பொம்மைகள் அகற்றப்பட்ட கதை

இனி நாம் கூறவந்த செய்திக்கு வருவோம். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் யார்? ஆங்கிலேயர் வெல்லிங்டன் என்பர். ஆனால் புளூக்கரின் தலைமையில் பிரஷ்யப் படைகள் பிற்பகலிலிருந்தே பிரெஞ்சுப் படையின் வலப்பக்கத்தைத் தாக்கின. பிளான்ஸ்நுவா என்னும் சிற்றூரில் கடும்போர் நிகழ்ந்தது. வெல்லிங்டனும் தம் அறிக்கையில் பிரஷ்யரின் உதவியைக் குறிப்பிடத் தவறவில்லை. வினா, உதவி வந்ததா என்பதன்று. எவ்வளவு, எப்போது என்பதே.

எழுத்தில் இவ்வினாவைத் தவிர்க்கலாம். உரிய வேளையில் உதவி வந்தது என்று எழுதிவிட்டால் எவரும் மாறுபடார். மேசைமேல் அவ்வாறு தப்ப இயலாது. ஏழு மணிக்குப் பிரஷ்ய வீரனை எங்கேனும் ஓரிடத்தில் ஒட்டித்தான் ஆகவேண்டும். சைபோர்ன் தமக்குக் கிடைத்த ஆங்கிலச் சான்றுகளையும் பிரஷ்யச் சான்றுகளையும் ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கான பிரஷ்யப் பொம்மைகளைக் களத்துக்குள் நிறுத்த முற்பட்டார். அந்த வேளைக்கு அவர்கள் அவ்வளவு தூரம் முன்னேறியிருக்கவில்லை என்று வெல்லிங்டன் மறுத்தார்.

வெல்லிங்டனின் உள்ளத்தை நாம் முற்றிலும் குறைகூற இயலாது. போரின் வரலாற்றை எழுதுவது நடன விருந்தொன்றின் வரலாற்றை எழுதுவது போன்றது, தனித்தனி நிகழ்ச்சிகள் நினைவிருக்கும், அவை நிகழ்ந்த வரிசையோ நினைவிராது என்ற கருத்தை அவர் 1815இலேயே கடிதம் ஒன்றில் எழுதியிருந்தார். சிதறி நிகழ்ந்தவற்றை ஒரே கணத்தில் உறையவைக்கும் மாதிரி, பார்ப்பவரைப் பிழைபடச் செய்யும் என்பது அவர் அச்சம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், எந்த மாதிரியிலும் உள்ள இக்குறை, இங்கே பிரஷ்யரின் எண்ணிக்கையில் மட்டும் வந்து நின்றது என்பதையும் நாம் நோக்கவேண்டும்.

இறுதியில் பெருந்தொகையான பிரஷ்யப் பொம்மைகள் களத்திலிருந்து அகற்றப்பட்டன. அதிகாரத்தின் அழுத்தத்துக்குப் பணிந்து அகற்றினாரா, சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து மனம் மாறினாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மாறுபடுகின்றனர். 1838இல் இலண்டன் எகிப்தியன் மண்டபத்தில் மாதிரி காட்சிக்கு வந்தது. மக்கள் திரண்டு வந்து வியந்தனர். சைபோர்னின் கடன் சுமையோ தீரவில்லை. திரட்டிய சான்றுகளைக் கொண்டு 1844இல் இரு தொகுதிகளாக அப்போரின் வரலாற்றை எழுதினார். பெரிய பொம்மைகள் கொண்ட இரண்டாவது மாதிரி ஒன்றையும் செய்தார். 1849இல் மறைந்தார். அவருடைய முதல் மாதிரி, இறுதி ஆண்டுகளில் அவர் பணியாற்றிய செல்சிப் பகுதியிலேயே உள்ள தேசியப் படை அருங்காட்சியகத்துக்குப் பிற்காலத்தில் வந்துசேர்ந்தது.

விளையாட்டும் பொறுப்பும்

சைபோர்ன் காட்சிக்கென அமைத்ததைப் பிற்காலத்தார் ஆடுகளமாக்கினர். புகழ்பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சிறு போர்கள்' என்று பொருள்படும் நூலில், மரக்கட்டைகளை வீடுகளாகவும் செடிக்கிளைகளை மரங்களாகவும் தரையில் பரப்பி ஆடும் முறையை விளக்கினார். இவ்வகைச் சிறு போரே உண்மைப் போரினும் நன்று என்பது அவர் துணிபு. மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. இன்று பலநாட்டு ஆர்வலர்கள் ஒரு படைப்பிரிவின் சட்டை விளிம்பு மஞ்சளா வெள்ளையா என்று நூல்களைத் தேடி அறிந்து தூரிகையை எடுக்கின்றனர். ஒட்டுப்பசைமேல் மணல் தூவி வயல் செய்கின்றனர். இந்த உழைப்பு போற்றத்தக்கது.

ஆயினும், வாட்டர்லூவில் அந்த ஒரு நாளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் புண்பட்டும் வீழ்ந்தனர். ஆட்டத்தில் வீழ்ந்த பொம்மை மேசையிலிருந்து எடுக்கப்பட்டுப் பெட்டிக்குள் செல்லும். அடுத்த வாரம் மீண்டும் அணியில் நிற்கும். களத்தில் வீழ்ந்தவன் எழுவதில்லை. அவன் நின்ற இடம் ஒன்றே அவனுக்கு எஞ்சிய உடைமை. அதனையும் பெயர்த்துவிட்டால் அவன் அன்று அங்கே இருந்ததற்கே சான்று இல்லாமற்போகும். பயிரின் பெயரைக்கூடக் கேட்டு எழுதிய சைபோர்ன் இதனை நன்கு உணர்ந்தவர். உணர்ந்தும் அவர் கையாலேயே அது நேர்ந்தது என்பதே அவர் வரலாற்றின் துயரம்.

வரலாற்றை எழுதுவோர்க்கும் பேசுவோர்க்கும், நம்மைப்போல் படித்து மகிழ்வோர்க்கும் அந்தக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் களம் ஒரு பாடம். பெருந்தலைவரின் பொம்மை எங்கே நிற்கிறது என்று காண்பது எளிது. அதனைக் கண்டபின், அங்கே நின்றிருக்க வேண்டிய வேறு எவரேனும் இல்லாதிருக்கின்றனரா என்றும் ஒருமுறை தேடிப் பார்ப்போமாக.