தேநீர்க்கடைச் செய்தித்தாள் வாசிப்பு

டீக்கடை, சலூன், படிப்பகம் போன்ற பொது இடங்களில் ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துப் பலர் படிப்பதும், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டு வாதிடுவதும் தமிழ்நாட்டில் நிலைபெற்ற வழக்கம். அரசியல் செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை மக்கள் தனியே அன்றி, இப்படிக் கூடியே எடைபோட்டார்கள்.

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் அரசியலைத் தமிழில் பேசிய முன்னோடி இதழ். 1904இல் பாரதி அதன் உதவியாசிரியரானார். எனினும் அது படித்த வகுப்பாரின் ஏடாகவே இருந்தது. நாளிதழை உழைப்பாளரிடம் கொண்டு சேர்த்த பெருமை தினத்தந்திக்கே உரியது. லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் அதைத் தொடங்கினார். பெரிய எழுத்தில் தலைப்பு, சின்னச் சின்ன வாக்கியம், புழக்கத்தில் உள்ள சொல் என்ற அதன் நடை, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் பிடிபட்டது. கடை வாசலில் தொங்கிய செய்திச் சுவரொட்டியே பலருக்கு அன்றைய முதல் செய்தி.

இதே காலத்தில் கட்சி ஏடுகளும் பெருகின. அண்ணாவின் திராவிட நாடு, மு. கருணாநிதி திருவாரூரில் துண்டறிக்கையாகத் தொடங்கிய முரசொலி இரண்டும் 1942இல் பிறந்தவை. திராவிட இயக்கத்தார் ஊர்தோறும் நடத்திய படிப்பகங்களில் இத்தகைய ஏடுகள் வாசிக்கப்பட்டன. எந்த ஏடு யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் படித்தார்கள். சார்பை மறைக்காத ஏட்டைப் படிப்பது வாசகருக்கு எளிது என்பதற்கு இது நல்ல சான்று.

நெருக்கடி நிலையின்போது, ஏட்டின் சார்பறிந்து படிக்கும் இந்தத் தேர்ச்சி உதவியது. 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டு, கட்சியினர் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் கைதாயினர். கைதானோர் பெயர்களை வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவுநாளில், நினைவிடத்துக்கு மலரஞ்சலி செலுத்த வர இயலாதோர் என்று முரசொலி ஒரு பட்டியல் வெளியிட்டது. சிறையில் இருப்போர் யார் யார் என்பது வாசகருக்கு விளங்கிவிட்டது.

ஆனால் இந்தக் கூட்டு வாசிப்பு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. தனிக் குவளையில் தேநீர் தரும் இரட்டைக் குவளை முறை இருந்த ஊர்களில் தலித் மக்களுக்கு டீக்கடைப் பெஞ்சில் இடமில்லை. அந்த வாதங்களிலும் பங்கில்லை. பெண்கள் அங்கு உட்காருவது இன்றும் அரிது.

1993இல் சன் டிவி வந்தபின் கட்சிச் சார்புள்ள தொலைக்காட்சிகளும், பிறகு வாட்ஸ்அப்பும் இவ்வழக்கத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்தன. செய்தியைக் கூடி எடைபோடும் வாய்ப்பு குறைந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, தமிழ்நாடு காவல்துறை மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.