தபாலில் கிளம்பிய வகுப்பு

வேலைத்தலத்தில் ஒன்லைன் கோர்ஸ் செய்யும் பழக்கம் 2020 ஊரடங்கோடு வந்தது என்றே பலரும் நினைக்கிறோம். அதன் வேர் முந்நூறு வருடத்தை நெருங்குகிறது. 1728 இல் பொஸ்டன் பத்திரிகையொன்றில் காலெப் பிலிப்ஸ் என்ற சுருக்கெழுத்து ஆசிரியர் விளம்பரம் செய்தார்: ஊர்ப்புறத்தில் இருப்பவர்களுக்கு வாராவாரம் பாடம் அனுப்பப்படும், அவர்களும் நகரத்து மாணவர்களைப் போலவே தேறலாம்.

பாடம் போனால் மட்டும் போதுமா? விடை திரும்பி வந்து திருத்தப்படவும் வேண்டும். அதற்கு வழிவிட்டது தபால் கட்டணம். 1840 இல் இங்கிலாந்தில் கடிதச் செலவு ஒரு பென்னியாகக் குறைந்ததும், ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்து முறையைக் கடிதத்தோடு அனுப்பக்கூடிய ஒரே தாளில் அச்சிட்டார். கற்றவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்பினார்கள்; திருத்தம் தபாலிலேயே திரும்பி வந்தது. பின்னாளில் கொழும்புக் கந்தோர்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்தப் பிட்மன் எழுத்துத்தான்.

அடுத்த திருப்பம் நிலக்கரிச் சுரங்கத்தில் வந்தது. 1869 இல் பென்சில்வேனியாவின் அவொண்டேல் சுரங்கத் தீயில் 110 பேர் மாண்டார்கள். பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன; மேற்பார்வையாளராக வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டிய நிலையும் வந்தது. சுரங்கப் பத்திரிகை நடத்திய தோமஸ் ஃபொஸ்டர், 1891 இல் ஸ்க்ரான்ரன் நகரிலிருந்து தபாற்பாடம் தொடங்கினார். பகலெல்லாம் கரி வெட்டியவர்கள் இரவில் விளக்கடியில் படித்தார்கள். பாடத்தின் மறுமுனையில் பதவி உயர்வு தெளிவாகத் தெரிந்தது. விற்பனை முகவர்கள் வீடு வீடாக ஏறி இறங்க, போட்டிப் பள்ளிகளும் முளைத்தன.

கரையில் ஓடிய பாடம் கடலுக்கும் போனது. இங்கிலாந்தில் அல்பேர்ட் மான்ஸ்பிரிட்ஜ் 1919 இல் கடலோடிகளின் கல்விக்காகத் தொடங்கிய சேவை, கப்பல்களுக்குப் புத்தகப் பெட்டிகளை அனுப்பியது. 1938 இல் அதிலிருந்து ‘கடற் கல்லூரி’ பிறந்தது. மாலுமிகள் துறைமுகம் துறைமுகமாகப் பாடம் பெற்றார்கள்.

அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் தபாலும் பிந்தியே வரும். 1951 இல் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வானொலிப் பள்ளி பேசத் தொடங்கியது. மேற்கு அவுஸ்திரேலியாவில் அப்படி வானொலியில் படித்து வளர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ், 2002 இல் ‘மூடில்’ என்ற கற்பித்தல் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். யாரும் பிரதி எடுக்கலாம், மாற்றலாம். நம்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் ஒப்படைகளை ஏற்றும் பக்கங்கள் பலவும் அதிலேயே ஓடுகின்றன.

வழி இருந்தும் சிலர் படிக்கிறார்கள், சிலர் திறந்தே பார்ப்பதில்லை. ஏன்? இதற்கான விடையும் வேறொரு துறையிலிருந்து வந்ததுதான். 1989 இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர், டொரன்டோ ஐபிஎம் ஆய்வகத்தில் 112 ஊழியர்களிடம் மின்னஞ்சல் பற்றியும் கோப்புத் திருத்தும் மென்பொருள் பற்றியும் விசாரித்தார். சுலபமா என்பதைவிட, வேலைக்குப் பயன்படுமா என்பதே அவர்களை அதிகம் இழுத்தது. 2003 இல் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட சகாக்களும் புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பது பற்றிய எட்டுக் கோட்பாடுகளை ஒன்றாக்கியபோது இன்னும் இரண்டு காரணிகள் சேர்ந்தன: மேலதிகாரியும் சக ஊழியரும் என்ன நினைக்கிறார்கள், தேவையான வசதி இருக்கிறதா. ஒன்லைன் கல்வியை ஆராய்பவர்கள் இன்றும் இந்த அளவுகோல்களையே எடுத்தாள்கிறார்கள்.

நம்நாட்டில் கடல் தொழில் படிக்கவும் வழி இல்லாமலில்லை: மட்டக்குளியில், காக்கைத்தீவில் இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடல் தொழிலுக்கான சர்வதேசப் பயிற்சி விதிகளோ 2010 மணிலாத் திருத்தங்களிலேயே இணையவழிக் கற்கைக்கு வழிகாட்டல் தந்துவிட்டன. ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வரும் தமிழ்த் தொழிலாளிக்குப் பாடம் ஆங்கிலத்தில் மட்டும் வந்தால்? டேட்டாவுக்குக் காசு அவர் பையிலிருந்து போனால்? படித்து முடித்தும் சம்பளப் படி அசையாவிட்டால்? அவர் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போவதில் வியப்பில்லை.

2020 இல், இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு வழியாக மாணவர்கள் டேட்டாச் செலவின்றி வகுப்பில் சேர முடிந்தது. பென்னித் தபால் செய்த வேலைதான் அது. அந்தச் சலுகை ஊழியருக்கும் வேண்டும். கூடவே, வேலை நேரத்திலேயே ஒரு மணித்தியாலம், தாய்மொழியில் பாடம், முடித்தவருக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் இடம். இவற்றைக் கொடுக்காமல் ஊழியருக்கு ஆர்வமில்லை என்று எந்த நிர்வாகமும் சொல்லக் கூடாது.