பாலாறும் தோலும்: வாணியம்பாடி நகரின் வரலாறு

வாணியம்பாடியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தோல், பிரியாணி, இஸ்லாமியாக் கல்லூரி ஆகியவற்றைச் சொல்லி முடித்துவிடுவர். அவை பெருமைக்குரியவையே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்பே இங்கிருந்த பாலாறு அந்த வரலாற்றில் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும், வறண்டு கிடக்கும் மணல்வெளியாக ஒரு வரியில் கடந்து செல்கிறது. ஆற்றின் கதையைத் தனியாகவும் நகரின் கதையைத் தனியாகவும் எழுதும் வழக்கம் நமக்கு ஏற்புடையதாக இல்லை. இரண்டும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவும் ஆகும்.

பெயர்க் காரணத்தை முதலில் முடித்துவிடுவோம். கலைவாணி பாடிய தலம் என்பதால் வாணியம்பாடி என்று பழைய வாணியம்பாடியிலுள்ள சிவாலயத்தைச் சார்ந்த தலபுராணம் கூறும். எண்ணெய் ஆட்டும் வாணியர் வாழ்ந்த பாடி என்போரும் உளர். இரண்டில் எது சரி என்ற வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை.

பாலாறு கர்நாடகத்தில், நந்திமலையை அடுத்த பகுதியில் தோன்றி, அங்கே 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் கடலில் கலக்கிறது. தமிழக எல்லைக்குள் நுழைந்ததும் அது சந்திக்கும் முதல் பெரிய நகரம் வாணியம்பாடி. ஒருபுறம் ஏலகிரியும் ஜவ்வாது மலையும், மறுபுறம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பிரிவுகளுமாக இருக்க, நடுவே ஆறு வகுத்த பள்ளத்தாக்கு கிடக்கிறது. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்க விரும்பிய எவருக்கும் இது இயற்கை அமைத்த வாயில்.

ஆகவே படைகளும் இவ்வழியே வந்தன. 1749 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் போரில் உயிர்நீத்தது அடுத்த ஊரான ஆம்பூரில்தான். முதலாம் மைசூர்ப் போரின்போது, 1767-ஆம் ஆண்டின் இறுதியில், ஹைதர் அலி திருப்பத்தூரையும் வாணியம்பாடியையும் கைப்பற்றி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். டிசம்பரில் கர்னல் ஸ்மித்தின் படை வந்து சேர்ந்ததும் அவர் முற்றுகையை விட்டு வாணியம்பாடிக்குப் பின்வாங்க, இங்கேயும் மோதல் நிகழ்ந்தது. படைகள் சென்ற அதே வழியில் பின்னர் இரயில் வந்தது. 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் இருப்புப்பாதை, அடுத்த சில ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கின் வழியாக ஜோலார்பேட்டைக்கும், 1860-களின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரைக்கும் நீண்டது. சென்னைத் துறைமுகம் வாணியம்பாடிக்கு ஒரு நாள் பயணத் தொலைவாயிற்று. தோல் வணிகம் ஓங்கியதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

தோல் பதனிட நீர் வேண்டும், நிறைய வேண்டும். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும். பாலாற்றில் ஆண்டு முழுவதும் வெள்ளம் ஓடியதில்லை. ஆனால் அதன் ஆழமான மணற்படுகை நீரைத் தேக்கி வைத்திருந்தது. மணலைத் தோண்டினால் ஊற்று. அந்த ஊற்று நீரைக் கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டு சென்ற ஊற்றுக்கால் பாசனம் இப்பகுதி உழவரின் கலை. நீருக்கு அடுத்து வேண்டியது துவர்ப்புப் பட்டை. சுற்றியுள்ள மேட்டு நிலங்களிலும் மலையடிவாரங்களிலும் ஆவாரை செழித்து வளர்ந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து உரோமம் நீக்கிய தோலை ஆவாரம் பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, கடுக்காய் நீரில் முடிப்பது பழைய முறை. இவ்வாறு பாதி பதனிட்ட தோல் சென்னையிலிருந்து கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றது. தொழிற்சாலையை நம் மக்கள் ‘தோல் ஷாப்பு’ என்றே அழைத்தனர்.

அந்த வருவாய் எங்கே சென்றது என்பதை இந்நகரில் கண்ணால் காணலாம். பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அது நிற்கிறது. 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கப்பெற்றது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-இல்தான் தோன்றின என்பதை நினைத்தால், ஒரு சிற்றூர் வணிகச் சமூகம் அவற்றுக்கு 32 ஆண்டுகள் முன்னரே இதனைச் செய்து முடித்ததன் அருமை விளங்கும்.

மொழியிலும் இந்நகருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தமிழகத்தின் பிற பகுதிகளில் லப்பைமார் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருக்க, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் அவர்கள் உருதுவை வீட்டு மொழியாக்கிக் கொண்டனர். முஷாயிரா அரங்குகளில் உருதுக் கவிதை ஒலித்த இதே நகரில்தான், மதுரையில் பிறந்த கவிக்கோ அப்துல் ரகுமான் இஸ்லாமியாக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றினார். புதுக்கவிதைக்குப் பெரும் பெயர் தந்த ‘பால்வீதி’ வெளியான 1974-இலும் அவர் இங்குதான் இருந்தார். கஜலையும் தமிழையும் ஒருசேர நேசித்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வாய்த்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

இனி ஆற்றுக்குத் திரும்புவோம். 1903 நவம்பர் 12-ஆம் நாள் பாலாற்று வெள்ளம் நகருக்குள் புகுந்தது. மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்ததால் பெருகி வந்த வெள்ளம் அது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். நகரின் ஒரு பகுதியே அழிந்தது. அதன் நினைவாக நிறுவப்பட்ட தூண் இன்றும் நகரில் நிற்கிறது. வெளியூரிலிருந்து வரும் இளைஞர் எவரேனும் அத்தூணைப் பார்த்துவிட்டு வறண்ட ஆற்றையும் பார்த்தால், இந்த ஆறா 200 பேரைக் கொண்டுசென்றது என்று வியப்பார்.

ஆறு ஏன் இவ்வாறாயிற்று என்பதற்குப் பல விடைகள் உண்டு. மேலேயுள்ள மாநிலங்களில் கட்டப்பட்ட தடுப்பணைகளை நாம் அனைவரும் எளிதில் சொல்வோம். 1892-ஆம் ஆண்டின் சென்னை - மைசூர் உடன்படிக்கையையும் சொல்வோம். அவை உண்மையே, மணற்கொள்ளையும் உண்மையே. ஆனால் ஆற்றில் நீர் வராததற்கு அண்டை மாநிலத்தைக் கூறலாம். கிணற்று நீர் உப்பானதற்கு அவ்வாறு கூற முடியாது.

பச்சைத் தோல் அழுகாதிருக்க அதில் உப்பைக் கொட்டி வைப்பர். பதனிடுவதற்கு முன் அந்த உப்பு முழுவதும் கழுவப்படுகிறது. கழுவிய நீர் பல தலைமுறைகளாக வெளி நிலத்திலும் ஓடைகளிலும் விடப்பட்டது. ஆவாரம் பட்டைக் காலத்திலேயே இருந்த குறை இது. 1970-களில் நிலைமை முற்றிலும் மாறியது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைத் தடுத்தும் குறைத்தும், முழுமையாக முடிக்கப்பட்ட தோலையும் காலணியையும் ஊக்குவிக்கும் கொள்கையை மத்திய அரசு மேற்கொண்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. கூடவே குரோமிய முறையும் பரவியது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. உற்பத்தி பெருகியது, கழிவும் பெருகியது. ஆவாரம் பட்டையின் நிறம் போய் ஓடைகளில் குரோமியத்தின் நீலப்பச்சை தெரிந்தது. தென்னை காய்த்த தோப்புகளும் நெல் விளைந்த வயல்களும் பொய்த்தன.

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. 900-க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகளால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஆய்வு கூறிற்று. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு இது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணையாமலும் சொந்த நிலையம் அமைக்காமலும் தொழில் நடத்த முடியாதென்ற நிலை வந்தது. சிறு தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. அவற்றில் வேலை செய்து வந்தோர் பட்ட இன்னலையும் மறைத்தல் நேர்மையாகாது.

இழப்பீட்டைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001-இல் 547 தொழிற்சாலைகளைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டோர் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் வழங்க வேண்டுமென்றது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய் கூட வராது. இதற்கிடையில் ஆற்றங்கரை நகரமான வாணியம்பாடியின் குடிநீர்க் குழாய்களுக்கு மேட்டூரிலிருந்து காவிரி நீர் கொண்டுவரப்பட்டது. தன் ஆற்றின் ஊற்றைக் குடித்து வளர்ந்த முதியோர், இன்னோர் ஆற்றின் நீரைக் குடிக்கின்றனர்.

2019 நவம்பர் 28-இல் திருப்பத்தூர் மாவட்டம் உருவாகி, 1911 வரை சேலத்திலும் பின்பு வட ஆற்காட்டிலும் வேலூரிலும் இருந்த நம் நகரம் அதன் பகுதியாயிற்று. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தது. நீரைக் காணப் பாலங்களில் மக்கள் திரண்டனர்; ஆற்றில் நீரையே கண்டிராத சிறுவர்களைத் தோளில் சுமந்து வந்தோரும் உண்டு. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. மண்ணிலும் நீரிலும் பல பத்தாண்டுகளாக ஊறிய உப்பு ஒரு வெள்ளத்தில் போய்விடவில்லை.

2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இவ்வழக்கில் மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீடு இன்னும் பெறாத குடும்பங்களுக்கு ஆறு வாரங்களுக்குள் அதனை வழங்கி, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ள வேண்டுமென்றும், மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டுமென்றும் ஆணையிட்டது. வழக்குத் தொடுக்கப்பட்டு அப்போது 33 ஆண்டுகள் கடந்திருந்தன. 2001-இல் பட்டியலில் இடம்பெற்றபோது அறுபது வயதாயிருந்த உழவர் ஒருவருக்கு, அந்த ஆணை வந்த நாளில் வயது எண்பத்து நான்கு.