ஆஸ்திரேலியாவின் ‘குரல்’ பொதுவாக்கெடுப்பு: இரு தரப்பும் பரப்பிய பிழைகள்

2023 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரேலியாவில் பொதுவாக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. பூர்வகுடியினரையும் டோரஸ் நீரிணைத் தீவினரையும் அரசமைப்புச் சட்டத்தில் அங்கீகரித்து, அவர்களுக்கென ‘குரல்’ என்னும் ஆலோசனை அமைப்பை நிறுவலாமா என்பதே அதன் கேள்வி. 2017ஆம் ஆண்டின் உலுரு அறிக்கையில் பூர்வகுடிப் பிரதிநிதிகள் முன்வைத்த கோரிக்கை அது.

முன்மொழிவின்படி, தம் மக்களைப் பாதிக்கும் விவகாரங்களில் நாடாளுமன்றத்திடமும் அரசிடமும் அவ்வமைப்பு கருத்துரைக்கலாம். அதன் கட்டமைப்பையும் அதிகாரத்தையும் நாடாளுமன்றமே தீர்மானிக்கும். சட்டங்களைத் தடுக்கும் உரிமை அதற்கு இல்லை.

‘வேண்டாம்’ தரப்பு

‘குரல்’ நாடாளுமன்றத்தின் மூன்றாவது அவையாகிவிடும், வீட்டு நிலங்கள் பறிபோகும் என்றெல்லாம் பரப்பப்பட்டது. முன்மொழிவில் இவற்றுக்கு இடமே இல்லை. 439 சொற்களில் ஒரே பக்கத்தில் அமைந்த உலுரு அறிக்கை, உண்மையில் 26 பக்கங்கள் கொண்டது என்றனர். கூடுதல் பக்கங்களாகக் காட்டப்பட்டவை கலந்தாய்வுக் குறிப்புகளும் பின்னணித் தகவல்களுமே. ‘இது நாட்டை இனத்தால் பிரிக்கும்’ என்ற முழக்கமோ, 1901 முதலே அந்த அரசமைப்பில் ‘இனம்’ என்னும் சொல் இருந்துவருவதை மறைத்தது. ‘தெரியாவிட்டால் வேண்டாம் என வாக்களியுங்கள்’ என்ற அழைப்பு, அறியாமையையே எதிர்ப்புக்கான காரணமாக்கியது.

‘வேண்டும்’ தரப்பு

பூர்வகுடியினரில் 80 விழுக்காட்டினர் ஆதரிப்பதாக இத்தரப்பு இறுதிவரை கூறிவந்தது. அது 2023இன் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளின் எண். பின்னர் வந்த கணிப்பில் ஆதரவு பெரும்பான்மையாகவே நீடித்தபோதும் குறைந்திருந்தது. பூர்வகுடிச் செனட்டர்களான ஜெசிண்டா பிரைஸ், லிடியா தோர்ப் இருவரும் வெவ்வேறு காரணங்களுக்காக எதிர்த்தனர்.

சட்டத்தின் இடைவெளி

இரு தரப்பு வாதங்களையும் கொண்ட கையேட்டைத் தேர்தல் ஆணையம் வீடுதோறும் அனுப்பியது. வாதங்களை எழுதியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவற்றின் உண்மையைச் சரிபார்க்கும் பொறுப்பு ஆணையத்துக்கு இல்லை. அரசியல் விளம்பரத்தில் பொய்யுரைப்பதைத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 1985 முதலே தடைசெய்துள்ளது; கூட்டாட்சிச் சட்டத்தில் அத்தகைய தடை இல்லை.

விளைவு

சுமார் 60 விழுக்காட்டினர் மறுத்தனர். ஆறு மாநிலங்களும் நிராகரித்தன. பூர்வகுடியினர் பெரும்பான்மையாக வாழும் தொலைதூரப் பகுதிகள் பலவற்றிலோ பெருவாரியான வாக்குகள் ஆதரவாகவே விழுந்தன.

இரு தரப்பும் பிழை செய்தன என்பதால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்திவிட முடியாது. ஒன்று ஆதரவின் அளவை மிகைப்படுத்தியது. மற்றொன்று, கேட்கப்பட்ட உரிமையையே அச்சுறுத்தலாகச் சித்திரித்தது. மக்கள்தொகையில் 3.8 விழுக்காடே உள்ள ஒரு சமூகத்தின் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்கு தீர்மானிக்கும்போது, பொய்யின் விலையைச் செலுத்துவது அச்சமூகமே.