தீவகத்து முருகைக்கல்லும் சுண்ணமும்

சடப்பொருளின் மூன்று நிலைகளுள், தன் உருவையும் கனவளவையும் தானே காத்து நிற்பது திண்மம் ஒன்றே. வரலாற்றாசிரியர் பெரிதும் நம்பியிருப்பதும் அதனையே. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153-1186) ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியும், உடைந்த மரக்கலங்களைப் பற்றியும் விதித்த ஆணைகளை நாம் இன்று அறிவது, நயினாதீவிலே அவை தமிழில் கல்லிற் பொறிக்கப்பட்டமையாலன்றோ? ஆயினும் கல்லும் மாறும் இயல்பினதே. தீவகத்துப் பழங் கட்டடங்களின் கதை அம்மாற்றத்தின் கதையுமாகும்.

1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட போர்த்துக்கேயர், ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையேயுள்ள நீர்ப்பரப்பிற் கடற்கோட்டையை எழுப்பினர். 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ‘ஹமன்கீல்’ எனப் பெயரிட்டனர். நெடுந்தீவுக்குத் தம் நாட்டு நகரான ‘டெல்வ்ற்’ என்பதன் பெயரைச் சூட்டினர். நெடுந்தீவிற் சிதைந்து நிற்கும் கோட்டை முருகைக்கல்லால் ஆயது. அவ்வூர் மக்கள் சாந்தின்றியே அடுக்கிய வேலி மதில்களும் அக்கல்லாலானவையே.

முருகைக்கல் என்பது யாது? கடல்வாழ் சிற்றுயிர்கள் தமக்கென அமைத்த கல்சியங் காபனேற்றுக் கூடு. அது அரகொனைற்று என்னும் பளிங்குருவில் உண்டாவது. தீவகத்தின் அடித்தளமான பழைய சுண்ணக்கல்லோ பெரும்பாலும் கல்சைற்று என்னும் மற்றொரு பளிங்குரு. இரண்டின் இரசாயன அமைப்பும் ஒன்றே. அயன்களின் அடுக்கு முறையே வேறு. அரகொனைற்றில் ஒவ்வொரு கல்சிய அயனையும் ஒன்பது ஒட்சிசன் அணுக்கள் சூழ்கின்றன; கல்சைற்றில் ஆறே. எனவே முன்னதன் அடர்த்தி 2.93; பின்னதன் அடர்த்தி 2.71. காலப்போக்கில் அரகொனைற்று, உறுதி மிக்க கல்சைற்றாக மாறும். எக்சுக்கதிர் கொண்டு உப்பின் அமைப்பை 1913 இலும், அரகொனைற்றின் அமைப்பை 1924 இலும் விளக்கியவர் லோரன்ஸ் பிராக் என்னும் அறிஞர்.

இக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் நீற்றினால், நூறு பங்கு கல் 44 பங்கு காபனீரொட்சைட்டை இழந்து 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாகும். நீர் ஊற்ற அது நீறும். மணலோடு குழைத்துச் சாந்தாக இட்டால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல ஏற்று மீண்டும் கல்சைற்றாகும். கல்லிலிருந்து பிரிந்த வாயுவே கல்லை மீட்கின்றது. இவ்வாயுவின் இயல்பை ஸ்கொத்துலாந்து அறிஞர் யோசப் பிளாக் தம் ஆய்வால் வெளியிட்டது 1756 இல். கடற்கோட்டையோ அதற்கு நூறாண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருந்தது. கைத்தொழில் முன்னே சென்றது. விளக்கம் பின்னே வந்தது.

திண்மங்களை அவற்றின் பிணைப்பு நோக்கி நால்வகைப்படுத்துவர். நால்வகைக்கும் தீவகத்தில் உதாரணம் உண்டு. உவரில் விளையும் உப்பு அயன் திண்மம். கடினமானது, எளிதில் நொறுங்குவது. நயினை அம்மன் சந்நிதியில் எரியும் கர்ப்பூரம் மூலக்கூற்றுத் திண்மம், உருகாமலே ஆவியாவது. கரைமணலின் படிகக்கல் பங்கீட்டுவலுத் திண்மம். மீன்பிடி வள்ளத்தின் நங்கூரம் உலோகத் திண்மம். ஒழுங்கான அடுக்கற்ற கண்ணாடியைப் பளிங்குருவற்ற திண்மம் எனத் தனித்து வைப்பர்.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. கடற்காற்று உப்புநீரை முருகைக்கல்லின் நுண்டுளைகளுட் செலுத்துகின்றது. நீர் ஆவியாக, உள்ளே உப்புப் பளிங்குகள் வளர்ந்து துளைச் சுவரை நெருக்கிக் கல்லைப் பொடியாக்கும். சுண்ணச் சாந்து நுண்டுளை உடையது, மென்மையானது. ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறும். தேய்வது சாந்து, தப்புவது கல். தேய்ந்த சாந்தைப் புதுப்பித்தல் எளிது. சீமெந்து பூசினால் அவ்வழி அடைபடும். ஈரம் கல்லின் வழியே வெளியேற முயல, உப்பு கல்லையே அரிக்கும். நன்மை கருதிச் செய்த திருத்தமே கேடாய் முடியும்.

ஆதலின் பழஞ் சுவரைத் திருத்தப் புகுவோர் முதலில் அதன் திண்மம் எத்தகையது என ஆராய்தல் வேண்டும். சுண்ணத்தின் பொருட்டு உயிருள்ள முருகைப் பாரை உடைத்தலும் ஆகாது. கரையை அலையிலிருந்து காப்பது அதுவே. வரலாறு பயில்வோரும் இரசாயனம் பயில்வோரும் ஒருங்கே நெடுந்தீவுக்குச் சென்று அம்மதில்களை ஆராய்வாராயின், இரு துறையும் பயன்பெறும்; மதில்களும் நின்று நிலைக்கும்.