பல்கலைக்கழகக் கச்சேரிக்கு வெளியாட்கள் போகலாமா? வளாக நிகழ்ச்சிகளுக்கு ஓர் எளிய கையேடு

நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. மாணவர் அட்டையும் இல்லை. ஆனாலும் அங்கு நடக்கும் உரைக்கோ, பயிலரங்குக்கோ, இசை நிகழ்ச்சிக்கோ போகலாமா?

தாராளமாகப் போகலாம். பொதுமக்களுக்கும் உண்டு என்று அறிவிப்பில் இருந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலான உரைகளுக்குக் கட்டணமே கிடையாது. இசை நிகழ்ச்சிகளிலும் பல இலவசம்.

இருந்தாலும் நம்மில் பலர் போவதில்லை. "அது அங்க படிக்கிற பிள்ளைங்களுக்குப்பா", "உள்ள விடுவாங்களான்னு தெரியல", "போனா ஒன்னும் புரியாது". இந்த மூன்று பதில்களை எல்லா வீட்டிலும் கேட்கலாம். மூன்றுமே தவறு. ஏன் என்பதைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தை, அதாவது என்யுஎஸ்ஸை, வைத்துப் பார்ப்போம்.

எங்கே நடக்கிறது?

என்யுஎஸ்ஸின் கெண்ட் ரிட்ஜ் வளாகம் பெரியது. ஆனால் பொதுமக்கள் அதிகம் போகும் நான்கு இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, பல்கலைக்கழகக் கலாசார நிலையம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய பெரிய அரங்கம் இங்கு உள்ளது. நாடகம், நடனம், இசை என மாணவர் குழுக்களின் பெரிய படைப்புகள் பலவும் மேடையேறுவது இங்கேதான்.

இரண்டாவது, என்யுஎஸ் அரும்பொருளகம். 1955இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கலைத் தொகுப்பின் வழியில் வந்தது இது. சீன ஓவியம், பீங்கான் பொருள்களுடன் தெற்காசிய, தென்கிழக்காசியக் கலைப்பொருள்களும் தொகுப்பில் உள்ளன. கண்காட்சி தொடர்பான உரைகளும் நடக்கும்.

மூன்றாவது, யோங் சியூ தோ இசைக் கல்லூரி. அமெரிக்காவின் பீபடி இசைக் கழகத்துடன் இணைந்து 2001இல் உருவானது. இசை ஆசிரியையாக இருந்த யோங் சியூ தோவின் நினைவாக அவருடைய குடும்பம் நன்கொடை அளித்தது. அதனால் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. மேற்கத்திய செவ்விசையைத் தொழில்முறையில் பயிலும் மாணவர்கள் இங்கு அடிக்கடி மேடை ஏறுகிறார்கள்.

நான்காவது, லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். 2015இல் திறக்கப்பட்டது. மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளும், அதே ஆண்டு ஜூரோங் தீவுக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட 10.6 மீட்டர் நீளத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இங்கே உள்ளன. இதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. பயிலரங்குகளும் நடக்கும்.

கெண்ட் ரிட்ஜ் மட்டுமல்ல. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் பிராஸ் பசா வட்டாரத்தில், நகரின் நடுவிலேயே இருக்கிறது. லாசால், நஃபா ஆகிய இரண்டும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் முதல் தொகுதி மாணவர்களைச் சேர்த்தது. அவற்றின் வளாகங்களும் நகரில்தான். வேலை முடிந்து அப்படியே நடந்து போய்விடலாம்.

எப்போது பார்க்கவேண்டும்?

பல்கலைக்கழக நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. பாட அட்டவணையோடு சேர்ந்தே அவை கூடும், குறையும்.

என்யுஎஸ்ஸில் முதல் செமஸ்டர் ஆகஸ்ட்டில் தொடங்குகிறது. இரண்டாவது செமஸ்டர் ஜனவரியில். ஒவ்வொன்றிலும் 13 வாரப் பாடங்கள், நடுவில் ஒரு வார இடைவேளை, கடைசியில் தேர்வு.

முதல் இரண்டு வாரம் மாணவர்கள் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மும்முரமாக இருப்பார்கள். கடைசி வாரங்களில் தேர்வு பயம். ஆக, நிகழ்ச்சிகள் குவியும் காலம் இரண்டு: ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர்த் தொடக்கம் வரை, ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை.

"போன மாசம் பாத்தேன், ஒன்னுமே இல்லையே" என்று டிசம்பரில் தேடிவிட்டுச் சொல்லாதீர்கள். அது விடுமுறை!

ஏப்ரல் மாதத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ்மொழி விழா நடக்கும் மாதம் அது. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்புகளும் அதில் பங்கெடுக்கின்றன. இசைக் கல்லூரியில் பட்டப்படிப்பை முடிக்கப்போகும் மாணவர்களின் தனிக் கச்சேரிகளைக் கேட்கவும் இரண்டாவது செமஸ்டரின் பிற்பகுதி நல்ல நேரம்.

அறிவிப்பில் இருக்கும் சொற்களுக்கு என்ன பொருள்?

ரெசைட்டல்: ஒருவரோ சிறு குழுவோ வாசிக்கும் கச்சேரி. மாணவரின் ரெசைட்டல் பெரும்பாலும் அவருடைய தேர்வின் ஒரு பகுதி. நம் வழக்கத்தில் சொன்னால் அரங்கேற்றம் மாதிரி. முன்னால் அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் மதிப்பெண் போடுவார்கள். அவர்களைத் தவிர அரங்கில் யாருமே இல்லை என்றால் அந்த மாணவருக்கு எப்படி இருக்கும்? நீங்கள் போய் உட்காருவதே ஓர் உதவி.

மாஸ்டர்கிளாஸ்: வெளியிலிருந்து வரும் தேர்ந்த கலைஞர், மேடையிலேயே ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பார். மாணவர் வாசிப்பார், கலைஞர் நிறுத்துவார், திருத்துவார், மறுபடி வாசிக்கச் சொல்வார். பார்வையாளர்களையும் அனுமதிக்கும்போது நீங்கள் சும்மா உட்கார்ந்து கவனிக்கலாம். இசை தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஒரே வரியை முதலில் ஒரு விதமாகவும் பத்து நிமிடம் கழித்து வேறு விதமாகவும் கேட்கும்போது, நல்ல வாசிப்பு எது என்பது காதுக்கே புரிந்துவிடும்.

செமினார்: ஓர் ஆய்வாளர் தம் ஆய்வைச் சக ஆய்வாளர்கள் முன் வைக்கும் கூட்டம். கொஞ்சம் கனமாக இருக்கலாம். ஆசிய ஆய்வுக் கழகம், தெற்காசிய ஆய்வுக் கழகம் போன்றவை இத்தகைய கூட்டங்களை நடத்துகின்றன. சிலவற்றை இணையம் வழியாகவும் பார்க்கலாம்.

பொது உரை: பெயரே சொல்கிறது. எல்லாருக்கும் புரியும்படி பேசுவார்கள். புதிதாகப் போகிறவர்கள் இதில் தொடங்குவது நல்லது. கொள்கை ஆய்வுக் கழகம் நடத்தும் எஸ் ஆர் நாதன் உரைகள் ஓர் உதாரணம். சிங்கப்பூரின் ஆறாவது அதிபரான திரு நாதனின் பெயரில் அமைந்த தொடர் அது. திரு நாதனும் 1954இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டயம் பெற்றவர்தான்.

பயிலரங்கு: நீங்களே கையால் செய்து பார்ப்பது. இடம் குறைவு, முன்பதிவு கட்டாயம். சிலவற்றுக்குக் கட்டணம் இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள். "என்யுஎஸ் சமூகத்துக்கு மட்டும்" என்று போட்டிருந்தால் அது மாணவர்கள், ஊழியர்கள் போன்றோருக்கானது. "பொதுமக்களுக்கும் அனுமதி" என்றால் நீங்கள் போகலாம். இரண்டுமே போடவில்லையா? ஏற்பாட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

தமிழில் என்ன கிடைக்கும்?

என்யுஎஸ் தமிழ்ப் பேரவை ஆண்டுதோறும் "சங்கே முழங்கு" என்ற மேடை நாடகத்தைப் படைக்கிறது. மாணவர்களே உழைத்து மேடையேற்றுவது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கிய மன்றம் இருக்கிறது. பரதநாட்டியம் போன்ற இந்திய நடனத்துக்கென்றே என்யுஎஸ்ஸில் ஒரு குழு உண்டு.

ஆடுகிற, நடிக்கிற பிள்ளைகளில் பலர் பொறியியலோ, மருத்துவமோ, கணக்கியலோ படிப்பவர்கள். பகலில் பாடம், இரவில் ஒத்திகை. ஓரிரண்டு காட்சிகளுக்காகப் பல மாதம் உழைக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் சும்மா கிடைத்ததா?

இல்லை. இந்தக் கதை நம் வயதினர் பலருக்குத் தெரியாது.

1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து பிறந்தது அது. இன்றைய என்யுஎஸ்ஸின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1950களில் அங்கு இந்திய ஆய்வியல் துறை தொடங்க முடிவானது. எந்த மொழியை முதன்மையாகக் கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. தமிழுக்கு உரிய இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சம் மக்களிடையே பரவியது.

1935இல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அதற்காகக் குரல் கொடுத்தார். "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல் தொகுப்புக்கு அந்த நிதி உதவியது. பல்கலைக்கழக வாசலை மிதித்தே இராத எளிய மக்களும் கொடுத்தார்கள்.

துறை 1956இல் தொடங்கியது. பிறகு அது கோலாலம்பூருக்கு மாறியது. தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இன்றும் உலகின் பல நகரங்களில் தொடரும் அந்த மாநாடுகளின் தொடக்கம் அதுதான்.

ஆகவே "அது நமக்கு இல்லப்பா" என்று சொல்வதற்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். தாங்கள் படிக்கவே முடியாத இடத்துக்குக் காசு கொடுத்தவர்கள் நம் தாத்தா பாட்டி காலத்து மக்கள். நமக்கு இன்று கேட்கப்படுவது ஒரு மாலைப் பொழுது மட்டும்.

சரி, போகலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. எப்படிப் போறது?

வட்ட ரயில் பாதையில் கெண்ட் ரிட்ஜ் நிலையத்தில் இறங்குங்கள். வளாகத்துக்குள் ஓடும் பேருந்துக்குக் கட்டணம் இல்லை. நடந்தே போகலாம் என்று நினைத்தால் ஓர் எச்சரிக்கை: ரிட்ஜ் என்ற பெயருக்கேற்ப ஏற்ற இறக்கம் அதிகம். நல்ல உடுப்போடு மதிய வெயிலில் ஏறினால் வியர்த்துப்போய்த்தான் சேர்வீர்கள்.

முதல் தடவை என்றால் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கட்டடங்களைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். மாலை நேரத்திலும் வார இறுதியிலும் வளாக உணவுக்கடைகள் பல மூடியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது.

கட்டணம் உள்ள நிகழ்ச்சியா? சிங்கப்பூரர்களில் 2025இல் 18 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையோருக்கு 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் கிடைத்தது. 2028 டிசம்பர் 31 வரை அதைப் பயன்படுத்தலாம். நீங்கள் போக நினைக்கும் நிகழ்ச்சிக்கு அது செல்லுமா என்று நுழைவுச்சீட்டு வாங்குமுன் பாருங்கள்.

உள்ளே எப்படி நடந்துகொள்வது?

கர்நாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் கைதட்டுவோம், நடுவில் "பலே" என்போம். மேற்கத்திய செவ்விசையில் வழக்கம் வேறு. ஒரே படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக இருக்கும். பகுதிகளுக்கு நடுவில் மௌனம். முழுவதும் முடிந்த பிறகே கைதட்டல். சந்தேகமா? மற்றவர்கள் தட்டும்வரை பொறுத்திருங்கள்.

தாமதமாகப் போனால் ஒரு படைப்பு முடியும்வரை வெளியே நிற்கவேண்டி வரலாம். சிறு பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் வயது வரம்பை முதலிலேயே பாருங்கள்.

உரைக்குப் பிறகு கேள்வி நேரம் வரும். "நான் வெளியாள், கேட்கலாமா" என்று தயங்கவேண்டாம். சுருக்கமாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். துறைக்கு வெளியே இருப்பவர் கேட்கும் எளிய கேள்விதான் பல நேரம் பேச்சாளரையே யோசிக்க வைக்கும்.

இலவசம்தானே, பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் என்ன?

இது பலர் செய்யும் தவறு. இலவச நிகழ்ச்சிக்கும் நாற்காலிகளுக்குக் கணக்கு உண்டு. நீங்கள் பதிவு செய்த இடத்தால் இன்னொருவருக்கு "இடம் முடிந்துவிட்டது" என்று பதில் போயிருக்கும். நீங்களும் வரவில்லை, அவரும் வரவில்லை. மேடையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது காலி நாற்காலிதான்.

சிறிய மாணவர் குழுக்களுக்கு இது பெரிய அடி. அடுத்த ஆண்டு எவ்வளவு பெரிய அரங்கம் எடுப்பது, எத்தனை காட்சி போடுவது என்பதை இந்த ஆண்டு வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டியிருக்கும். போக முடியாவிட்டால் முன்கூட்டியே பதிவை ரத்து செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

இந்த வாரமே செய்யக்கூடியவை

* உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். இசைக் கல்லூரி, அரும்பொருளகம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கங்கள் இருக்கும்.
* தமிழ் மாணவர் அமைப்புகளைச் சமூக ஊடகத்தில் பின்தொடருங்கள். அவர்களின் அறிவிப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும்.
* ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத துறையாக இருந்தால் இன்னும் நல்லது.
* கூட ஒருவரை அழைத்துப் போங்கள். தம்பியோ, தோழியோ, அம்மாவோ. "உள்ள விடுவாங்களா?" என்று அவர்கள் கேட்டால், பதில் இப்போது உங்களுக்குத் தெரியும்.