சிகாகோவின் விளையாட்டுத் திடல்களும் சிறார் குற்றமும்

இறைச்சிக்கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலை தேடி வந்தவர்களால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெருக்கடி மிகுந்துபோன சிகாகோ நகரில், தொழிலாளர் வீட்டுச் சிறுவர்களுக்குத் தெருவும் தண்டவாளமுமே ஆடுகளங்களாக இருந்தன. அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் அங்குத் தொடங்கியபின் அதன்முன் நிறுத்தப்பட்டவர்களில், தண்டவாளத்தோரம் தீ மூட்டியவர்களும் ஓடும் ரயிலின் சன்னல்மீது கல்லெறிந்தவர்களும் இருந்தனர். ஏழைகளின் நடுவே குடியிருந்து தொண்டாற்றும் ‘ஹல் ஹவுஸ்’ இல்லத்தை 1889இல் எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் நிறுவிய ஜேன் ஆடம்ஸ், இத்தகைய செயல்களைத் தம் 1909ஆம் ஆண்டு நூலில் பட்டியலிட்டு, இவற்றில் தீய எண்ணத்தைவிடப் போக்கிடமற்ற சாகச வேட்கையே மிகுதி என்று வாதிட்டார்.

இக்கருத்து வேரூன்றிவந்த காலத்திலேயே, நகரின் தென்பகுதிப் பூங்கா ஆணையம் நெரிசலான பேட்டைகளில் சிறு பூங்காக்களை அமைத்து, 1905 முதல் அவற்றில் உடற்பயிற்சிக்கூடம், குளியலறைகள், கூட்ட அரங்கு ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கொண்ட ‘ஃபீல்டு ஹவுஸ்’ கட்டடங்களைத் திறந்தது. பூங்காக்களை அடுத்த வட்டாரங்களில் சிறார் வழக்குகள் குறைந்ததாக ஆலன் பர்ன்ஸ் 1908இல் வெளியிட்ட ஆய்வு, விளையாட்டுத் திடல்களை வலியுறுத்திய இயக்கத்தின் முதன்மைச் சான்றாயிற்று. எனினும் பூங்கா வந்த அதே ஆண்டுகளில் மாறிய பிற சூழல்களின் பங்கை அவ்வாய்வால் பிரித்துக் காட்ட இயலவில்லை.

விளையாட்டு தன்னளவில் நல்வழிப்படுத்திவிடாது என்பதை சிகாகோவில் 1919ஆம் ஆண்டு நடந்த இனக்கலவரம் கடுமையாக உணர்த்தியது. அரசியல்வாதிகளின் ஆதரவில் இயங்கிய வெள்ளை இளைஞர்களின் விளையாட்டுக் கழகங்கள், குறிப்பாக ‘ரேகன்ஸ் கோல்ட்ஸ்’, கறுப்பின மக்களைத் தாக்குவதில் முன்னின்றதை அக்கலவரத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் 1922ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. சிகாகோவின் இளைஞர் கும்பல்களை ஆராய்ந்த ஃபிரெடெரிக் திராஷரும், பின்னர் நியூயார்க்கின் சிறுவர் மன்றமொன்றை ஆராய்ந்து, அதன் உறுப்பினரிடையே குற்றம் குறைந்ததற்குச் சான்றில்லை என்று 1936இல் எழுதினார்.

இந்நிலையில் கிளிஃபோர்டு ஷா 1930களில் தொடங்கிய ‘சிகாகோ வட்டாரத் திட்டம்’, போலந்து வம்சாவளியினர் வாழ்ந்த ரஸ்ஸல் சதுக்கத்தில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பை அவ்வூராரிடமே ஒப்படைத்ததுடன், தெருமுனையிலேயே இளைஞர்களோடு பழகி அவர்களை நெறிப்படுத்தவும் ஆட்களை அமர்த்தியது. குற்றக் குறைப்பில் இதன் பங்கு ஐயமற நிறுவப்படாவிட்டாலும், எத்தனை திடல்கள் வேண்டும் என்பதிலிருந்து அவற்றை யார், எந்த உறவின் அடிப்படையில் நடத்துவது என்பதற்கு விவாதத்தை நகர்த்தியதே இதன் நிலைத்த பங்களிப்பு எனலாம்.